அப்பாவுக்கு ஒரு தனி அடுப்பு

1

சின்ன வீடு ஒன்று கட்டப் போகிறோம் என்று பெரம்பலூரில் இருக்கும் என் நாத்தனாரிடம் போனில் சொன்னேன். அவர், "அண்ணனுக்கு இந்த வயசுலயா அண்ணி?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இங்கே வந்து பதினெட்டு வருடத்தில் எவ்வளவோ மறந்துவிட்டது, அதில் இதுவும் ஒன்று. நான் சொன்னது நிஜமாகவே அளவில் சிறிய ஒரு வீடு. ஒரு அறை, ஒரு சமையல் மேடை, ஒரு குளியலறை. என் அப்பாவுக்காக.

அதைக் கட்ட முடியாது என்று இந்த ஊர்ச் சட்டம் சொன்னது. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெளிநாட்டில் எல்லாமே சுலபம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் நடுப்பகுதியில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை சோளம் விளையும் ஒரு சமவெளியில். இவர் உழவு இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் என்ஜினியர். நான் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் பரிசோதிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரே மகள் இனியா பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புகளில் இருக்கிறாள். ரோட்டைப் பார்த்த வீடு, அதைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் நிலம். நிலம் என்றால் என்ன, புல்தான். ஆண்டிமடம் பக்கத்தில் முந்திரிக்கொல்லையில் வளர்ந்த எனக்கு இந்தப் புல்லைப் பார்த்தாலே எரிச்சல் வரும். எதுவும் காய்க்காது, ஆடு மாடும் மேயாது. ஆனாலும் வாரம் தவறாமல் வெட்டியாக வேண்டும். வெட்டாவிட்டால் அதற்கும் டவுன்ஷிப்பிலிருந்து நோட்டீஸ் வரும். டவுன்ஷிப் என்பது நம் ஊராட்சி மாதிரி, ஆனால் சட்டப் புத்தகம் மட்டும் தலையணை கனத்துக்கு இருக்கும்.

போன வருடம் ஒரு நாள் வேலையில் இருக்கும்போது மணிமேகலை அக்காவிடமிருந்து போன் வந்தது. அப்பாவின் கொல்லைக்கு அடுத்த கொல்லை அவர்களுடையது. "பயப்படாத பாப்பா, அப்பா நல்லாத்தான் இருக்காரு" என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கும் போன்கள் எப்படிப்பட்டவை என்று தூர தேசத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

அப்பா இருப்பது அரசாங்கம் கட்டித் தந்த பசுமை வீட்டில். முந்நூறு சதுர அடி, மாடியில் ஒரு சோலார் தகடு, அதிலிருந்து வீட்டுக்குள் விளக்குகள். அந்தத் தகட்டைத் துடைப்பதற்கு அப்பா தினமும் ஏணி வைத்து மேலே ஏறுவார். செம்மண் புழுதி படிந்தால் ராத்திரி விளக்கு சோகையாக எரியும் என்பது அவர் கணக்கு. அன்றைக்கு இறங்கும்போது ஏணி சரிந்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் காலை ஒடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். காலையில் விழுந்தவரைச் சாயங்காலம் ஆட்டைத் தேடிக்கொண்டு வந்த மணிமேகலை அக்காதான் பார்த்திருக்கிறார்.

2

லீவு போட்டுக்கொண்டு ஓடினேன். வருடா வருடம் வருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே, ஊருக்குப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. ஜெயங்கொண்டத்தில் மாவுக்கட்டு போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "எதுக்கு இம்மாந் தூரம் வந்த? போன்லயே பேசியிருக்கலாம்ல?" என்றார். முகத்தில் ஒரு வாரத் தாடி. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் முந்திக்கொண்டது.

"ஏணில ஏறாதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"ஏறாம எப்புடி தொடைக்கிறது? அது என்ன எறங்கியா வரும்?"

அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. நான் ஒரே பிள்ளை. அவருக்கான குடியேற்ற விசா வேலைகள் எல்லாம் ஏற்கெனவே முடிந்திருந்தன, கிளம்புவதுதான் பாக்கி. கிளம்பத்தான் மாட்டேன் என்கிறார். அதற்குக் காரணம் ஊர்ப் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். முந்திரிக்கொல்லையைக் குத்தகைக்கு விட்டு ரொம்ப நாளாகிறது, அதைப் பற்றி அவர் பேசுவதுகூட இல்லை. அவருடைய காரணம் வேறு.

"பொண்ணு குடுத்த வூட்டுல போயி குடியிருக்க முடியாது பாப்பா. விருந்தாளியா எத்தன நாளு வேணாலும் வரேன். குடியிருக்கச் சொல்லாத."

இந்தப் பேச்சு எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் அப்பா நாலு நாள் தங்கலாம், சாப்பிடலாம், பேரப்பிள்ளையோடு விளையாடலாம். அங்கேயே தங்கி, மாப்பிள்ளை சம்பாத்தியத்தில் தினம் சாப்பிடுவது என்றால் தலை குனிந்துவிடும். இதை அப்பா ஏற்கெனவே ஒரு தடவை எனக்குச் செய்து காட்டியிருக்கிறார். சில வருடங்களுக்கு முன் ஒரு கோடைகாலம் முழுக்க எங்கள் வீட்டில் இருந்தார். ஒரு நாளும் தானாகச் சமையலறைக்குள் போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்ததில்லை. நான் வேலைக்குப் போய்விட்டால், மேசையில் எடுத்து வைத்துவிட்டுப் போனதை மட்டும் சாப்பிடுவார். ஃப்ரிட்ஜ் கதவை அவர் தொட்டதே கிடையாது. திரும்பிப் போகும்போது இளைத்திருந்தார்.

இந்த முறை நான் விடவில்லை. இரண்டு வாரம் தினமும் நச்சரித்தேன். மணிமேகலை அக்கா தன் பங்குக்கு, "கால் சரியானா கல்லங்குறிச்சி பெருமாளுக்கு வரேன்னு வேண்டியிருக்கேன், அதோட மகளோட கெளம்பிடுங்க" என்று அவருக்கு முன்னாலேயே சொன்னார். கடைசியில் ஒரு நாள் காபியைக் குடித்து முடித்துவிட்டு அப்பா சொன்னார்.

"ஒண்ணு பண்ணு. ஒங்க எடத்துலயே பின்னால தள்ளி எனக்குன்னு ஒரு வூடு கட்டு. பெருசா வேணாம், இந்தளவு போதும். தனி வாசல், தனி அடுப்பு. என் ஒலய நான் வெச்சிக்கிறேன். கரண்டும் மாப்ள மீட்டர்லேர்ந்து வேணாம், இது மாதிரி தகடு ஒண்ணு வெச்சிடு. அப்புடின்னா வரேன்."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இடம் இருக்கிறது, இவர் கட்டித் தர ஒப்புக்கொள்வார், அமெரிக்காவில் வீடு கட்டுவது என்ன பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டேன். சென்னைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே காகிதத்தில் அறையை வரைந்து பார்த்தேன்.

3

டவுன்ஷிப் ஆபீஸில், எந்த நிலத்தில் எதைக் கட்டலாம், எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்று பார்க்கிற அலுவலர் லிண்டா என்றொரு அம்மா. இங்கே அந்த விதிகளுக்கு சோனிங் என்று பெயர். என் படத்தைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இது வீடா?" என்று கேட்டார்.

வீடுதான் என்றேன்.

ஆயிரம் சதுர அடிக்குக் குறைவாக இருந்தால் அதை வீடு என்று எங்களால் சொல்ல முடியாது என்றார். அதோடு, ஒரு மனையில் ஒரு வீடுதான் இருக்கலாம். கொட்டகை வேண்டுமானால் கட்டிக்கொள்ளலாம், பின்பக்கம், எந்த அளவிலும். ஆனால் கொட்டகையில் யாரும் படுத்துத் தூங்கக் கூடாது.

எது வீடு, எது கொட்டகை என்று எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டேன். லிண்டா புத்தகத்தைப் புரட்டவே இல்லை. "அடுப்பு" என்றார். நிலையான அடுப்பு ஒன்று இருந்தால் அது தனிக் குடியிருப்பு. அடுப்பு இல்லாவிட்டால், உங்கள் வீட்டோடு ஒட்டி ஒரு அறையாகச் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள், அப்பா அங்கே தூங்கலாம், உங்களோடு சாப்பிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். வேண்டுமானால் அவர் அறையில் ஒரு மைக்ரோவேவ் வைத்துக்கொள்ளலாம், அது அடுப்புக் கணக்கில் வராது.

நான் சிரித்துவிட்டேன். லிண்டாவுக்குப் புரியவில்லை. ஆண்டிமடத்தில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவருக்கும் இந்த டவுன்ஷிப்புக்கும் ஒரு விஷயத்தில் கருத்து அப்படியே ஒத்துப்போகிறது, அடுப்புதான் வீடு. ஒத்துப்போவதால்தான் எனக்குச் சிக்கல்.

சோலார் விஷயம் இன்னும் மோசம். மாற்று எரிசக்திக்கு என்று தனி அத்தியாயமே வைத்திருந்தார்கள். கூரை மேல் தகடு வைப்பதற்குத் தடையில்லை. தரையில் நிறுத்துவதென்றால் வீட்டுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும், ரோட்டில் போகிறவர் கண்ணில் படக் கூடாது. எனக்குத் தரையில்தான் வேண்டும். கூரை மேல் வைத்தால் அப்பா பனிக்காலத்திலும் ஏணியைத் தேடுவார், அவரை நான் அறிவேன். இங்கே சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். எங்கள் வீட்டு முன்பக்கம் தெற்கு. பின்பக்கம் வீட்டின் நிழலும், ஓரங்களில் நிற்கும் மரங்களின் நிழலும்தான். வெயில் விழாத இடத்தில் மட்டும்தான் வெயிலைப் பிடிக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்களே என்று லிண்டாவிடம் சொன்னேன். அவரும் ஒப்புக்கொண்டார். ஆனாலும் விதி விதிதான், வீட்டுக்கும் சரி, தகட்டுக்கும் சரி, விலக்கு வேண்டுமென்றால் டவுன்ஷிப்பின் விசாரணைக் குழுவின் முன் வந்து கேட்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் புலம்பினேன். இவர் பெரம்பலூர்க்காரர், எதற்கும் பதற மாட்டார். "அடுப்பு இல்லாம கட்டிடலாம். எல்லாம் பார்த்துட்டுப் போனப்புறம் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வெச்சா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். அதை அப்பாவிடம் போனில் சொன்னேன். வந்ததே கோபம்.

"திருட்டு அடுப்புலயா நான் ஒல வெக்கணும்? கவர்மெண்டு ஆளு வந்தா எடுத்து ஒளிச்சி வெக்கிறதா? அதுக்கு நான் இங்கயே கெடந்துட்டுப் போறேன்."

இனியா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேசும்போது பாதி பாதியாக வரும். "தாத்தா ஏன் கெஸ்ட் ரூம்ல இருக்கக் கூடாது?" என்றாள்.

"இது மாப்பிள்ளை வீடு. தாத்தா இங்க குடியிருக்க மாட்டார்."

"மாப்பிள்ளைன்னா அப்பாவா? ஆனா வீட்டுப் பேப்பர்ல உன் பேரும் இருக்குல்ல. நீயும்தானே வேலைக்குப் போற. அப்ப இது உன் வீடு இல்லையா?"

பதில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே நான் சொல்வது பிடிக்காமல் போய்விட்டது. அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். இப்போதெல்லாம் எங்கள் பேச்சு இப்படித்தான் முடிகிறது. அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, நான் சொல்வதிலும் எங்கேயோ இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒரே அறையில் உட்கார மறுக்கின்றன.

4

அப்பாவின் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்தபோது, அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரிந்தார்கள். வீடு ஒன்றுதான், ஓடு போட்ட பழைய வீடு. சண்டை எல்லாம் பெரிதாக இல்லை. ஆனால் ரேஷன் கார்டு தனியாக வேண்டும் என்றால் தனிக் குடும்பம் என்று காட்ட வேண்டும். தனிக் குடும்பம் என்றால் தனி அடுப்பு.

அம்மா தாழ்வாரத்தில் மண்ணைக் குழைத்து ஒரே நாளில் அடுப்புப் போட்டாள். அது காய்வதற்குள் பார்வையிட அதிகாரி வந்துவிட்டார். சட்டைப் பையில் பேனா, கையில் தோல் பை. பெரியம்மாவின் அடுப்பைப் பார்த்தார். பிறகு எங்கள் அடுப்புக்கு வந்து குனிந்து, சாம்பல் சூடாக இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தார். அடுப்பு ஈரமாக இருந்தது.

"இதுல சமைக்கிறீங்களா?"

அம்மா பெரியம்மா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பெரியம்மா உள்ளேயிருந்து, "நேத்துதான் சார் போட்டா. இன்னும் ஒல வெக்கல. காஞ்சதும் வெப்பா" என்றார். ஆமாம், சமைக்கிறோம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் காரியம் அன்றைக்கே முடிந்திருக்கும். அதிகாரி சிரித்துவிட்டு, "காயட்டும், திரும்ப வரேன்" என்று போனார். மறுபடி வரும்போது அந்த அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அம்மா டீ போட்டுக் கொடுத்ததும் அதில்தான்.

தனி அடுப்பு வந்த பிறகு அப்பா வேறு ஆளானார் என்று அம்மா சொல்வாள். அதுவரை அண்ணன் வீட்டில் தம்பியாக இருந்தவர், அன்றிலிருந்து ஊர்க் கூட்டத்தில் தன் பெயரில் வரி கொடுத்து, தன் பெயரில் பேசினார். பெரியப்பாவும் அவரும் கடைசி வரை ஒற்றுமையாக இருந்தார்கள். பிரிந்ததால்தான் இருந்தார்கள் என்று அப்பா நம்புகிறார். அந்த நம்பிக்கையோடு எழுபத்தாறு வயதில் மகள் வீட்டுக் கதவைத் தட்டச் சொன்னால் எப்படித் தட்டுவார்?

5

விசாரணை நாள் வந்தது. டவுன்ஷிப் மண்டபத்தில் மடக்கு நாற்காலிகள், ஒரு கொடி, நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். தலைவர் முன்னாளில் பள்ளி ஆசிரியர். எதிர் வீட்டு டேல் கைகளைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் இருந்தார். அவருக்கு என்மேல் விரோதம் ஒன்றுமில்லை, எங்கள் வாசலில் குவிந்த பனியைக்கூட அள்ளி ஒதுக்கித் தந்திருக்கிறார். ஆனால் இன்றைக்கு ஒருவர் கொல்லையில் குட்டி வீடு, நாளைக்கு எல்லோர் கொல்லையிலும் குட்டி வீடு, அப்புறம் இந்த ஊர் ஊராக இருக்காது என்று எழுந்து சொன்னார்.

காரில் வரும்போதே இவர், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. உன் புராணத்தை அங்க ஆரம்பிக்காத" என்று சொல்லியிருந்தார். நானும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன்.

முதலில் நன்றாகவே போனது. அப்பாவின் கால், அவர் தனியாக இருப்பது, எல்லாவற்றையும் அவர்கள் தலையை ஆட்டிக் கேட்டார்கள். தலைவர் எனக்கு உதவி செய்யத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று இப்போது புரிகிறது. "அவர் உங்கள் குடும்பத்தின் ஓர் அங்கமாக, உங்களோடுதான் வாழப் போகிறார், இல்லையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் மாப்பிள்ளை சோற்றை உண்கிற ஆள் அவர் என்று இந்த ஐந்து பேர் நினைத்துவிடக் கூடாதே என்று எனக்குத் தோன்றியது. என் அப்பாவின் மானம் அந்த மண்டபத்தில் என் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். நிமிர்ந்து நின்று, இல்லை, அவர் தனிக் குடும்பம் என்றேன். எங்கள் சமையலில் அவர் சாப்பிட மாட்டார், எங்கள் மின்சாரம்கூட அவருக்கு வேண்டாம், அவருக்கு அடுப்பு தனி, விளக்கு தனி, வாசல் தனி, அவர் யாருக்கும் பாரமாக இருக்கிறவர் இல்லை என்று பெருமையாகச் சொல்லி முடித்தேன்.

இவர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். குழுவின் வக்கீல் பேனாவை எடுத்து ஏதோ குறித்தார். ஒரு மனையில் ஒரு குடும்பம்தான் இருக்கலாம் என்பது அவர்கள் விதி. விலக்கு கேட்க வந்தவளே இது இரண்டாவது குடும்பம் என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டாள் என்று அவர் அமைதியாக எடுத்துச் சொன்னார். விசாரணையை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

காரில் இவர் என்னைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். என் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்று அந்த மாதம் முழுக்க வெந்துகொண்டிருந்தேன். ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டும்போதெல்லாம், அவர் தனிக் குடும்பம் என்று நான் சொன்னதே காதில் கேட்டது. அப்பாவிடம் தேதி தள்ளிப்போயிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் கட்டைப் பிரித்து, கோல் ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தார். தகட்டைத் துடைக்கிறீர்களா என்று கேட்டேன். பேச்சை மாற்றி மழையைப் பற்றிச் சொன்னார்.

6

அடுத்த கூட்டத்துக்கு முன் லிண்டாவே என்னைக் கூப்பிட்டார். வயதான பெற்றோருக்கென்று தற்காலிக அனுமதி தர ஒரு பழைய பிரிவு இருக்கிறது, யாரும் கேட்காததால் எங்களுக்கே மறந்துவிட்டது, அதன் கீழ் மனுவை மாற்றிக் கொடுங்கள் என்றார். மாற்றிக் கொடுத்தோம். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை, இவர் பேசினார். டேல்கூட, அந்தப் பெரியவர் ஒருவருக்கு மட்டும் என்றால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டார். அனுமதி கிடைத்தது.

அது நிபந்தனைகளோடு தபாலில் வந்தது. தகடுகளை வீட்டின் பக்கவாட்டில், வெயில் விழும் இடத்தில், தரையிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ரோட்டிலிருந்து தெரியாதபடி செடி வேலி போட வேண்டும். ரோட்டை மறைக்கிற உயரத்துக்கு வளர வேண்டும், சூரியனை மறைக்கிற உயரத்துக்கு வளரக் கூடாது. அந்த வேலிக்குக் கத்திரிக்கோலோடு நான் காவல் நிற்க வேண்டியதுதான். இது பரவாயில்லை, சிரித்துக்கொண்டே படித்தேன்.

மற்றவை சிரிக்கிற மாதிரி இல்லை. அந்தச் சிறிய வீட்டில், பெயர் குறிப்பிடப்பட்ட ஒருவர் மட்டுமே வசிக்கலாம். அவர் அங்கே வசிக்கிறாரா என்று வருடத்துக்கு ஒரு முறை அலுவலர் நேரில் வந்து பார்ப்பார். அவர் இல்லாமல் போகும்போது அடுப்பை எடுத்துவிட வேண்டும், அதன்பின் அது கொட்டகை.

ஆங்கிலத்தில் மழுப்பி எழுதியிருந்தார்கள். இனியா என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, "அம்மா, தாத்தா செத்துட்டா ஸ்டவ்வ எடுக்கணும்னு போட்டிருக்கு" என்றாள். அவளுக்கு அந்தச் சொல் தமிழில் அவ்வளவு கடுமையானது என்று தெரியாது. தெரிந்த ஒரு சொல்லைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் அவளை அதட்டினேன். அவள் கண் கலங்கிப் போய்விட்டாள். பிறகு நான்தான் அவள் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்று வருடா வருடம் ஆள் அனுப்பிப் பார்ப்பார்களாம். செத்ததும் வந்து அடுப்பைப் பிடுங்குவார்களாம். இதில் நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். நம் ஊரில் துக்க வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் அது நாமாகச் செய்வது, எவனோ காகிதத்தில் எழுதி உத்தரவு போடுவதில்லை. இவர், "கையெழுத்துப் போடு, அவர் வரட்டும், மத்தது அப்புறம்" என்றார். என்னால் முடியவில்லை. அப்பாவிடம் மறைத்துவிட்டு அவரைக் கூட்டி வரவும் மனம் வரவில்லை. திருட்டு அடுப்பு வேண்டாம் என்று சொன்ன மனிதரிடம் இதை எப்படி ஒளிப்பது? கேட்டால் கட்டாயம் வர மாட்டார், எல்லாம் இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அனுமதி வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு நிபந்தனையாகத் தமிழில் சொன்னேன். அடுப்பை எடுப்பதைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது.

"நான் போனப்புறம் எனக்கு எதுக்கு அடுப்பு?" என்றார். "எடுத்துக்கட்டும். அதுக்கா அழுவுற?"

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னேன். அலுவலர் வந்து பார்ப்பதைச் சொல்லி, அதற்காக நீங்கள் வருத்தப்படக் கூடாது, அது ஒரு சம்பிரதாயம்தான் என்று நானாகவே சமாதானமும் சொன்னேன். அப்பா கொஞ்சம் முன்னால் குனிந்தார். போனைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கிறார் என்று தெரிந்தது, திரையில் அவர் காதும் நரைத்த முடியும் மட்டும் தெரிந்தன.

"என்னா சொன்ன? திரும்பச் சொல்லு."

"வருஷத்துக்கு ஒரு தடவ ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்து, நீங்க இருக்கீங்களான்னு பாத்துட்டுப் போவாங்கப்பா."

"நேர்லயேவா?"

"நேர்லதான்."

"கதவத் தட்டி?"

"ஆமாப்பா."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தார். வருத்தமோ கோபமோ எதுவும் அந்த முகத்தில் இல்லை. சந்தையில் ஒரு சாமானை வாங்குவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை விசாரிக்கிற மாதிரி இருந்தது.

"தவறாம வருவாங்களா பாப்பா?"

"வருவாங்கப்பா. சட்டமே அதான்."

"அப்ப சரி" என்றார். "கையெழுத்தப் போடு. நான் வரேன்."

அவர் என்னைக் குத்திக் காட்டுவதற்காக அதைக் கேட்கவில்லை. யாராவது வருவார்களா என்று சாயங்காலம் வரை தரையில் கிடந்தவர், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.